மூன்றடிக் கதவு

படத்துக்கே மூக்கைப் பிடித்த ஒருவரை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆல்பத்தில் இருந்தது தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைத்து எடுத்த புதுப் பெட்டியின் படம். அதற்குள் ஒரு கொசுகூடப் போயிருக்காது. கல்யாணப் பெண்ணின் அம்மா பக்கத்தைப் புரட்டும்போதே கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். இரண்டு விரலால் நுனியைப் பிடித்துப் புரட்டினார். பிறகு அந்த இரண்டு விரலையும் தனியாக நீட்டி வைத்துக்கொண்டே பேசினார்.

நான் நடமாடும் கழிப்பறை வாடகைக்கு விடுகிறவள். திறந்தவெளியில் கல்யாணம், கூட்டம், ஓட்டப் பந்தயம், எதுவானாலும் எங்கள் பெட்டிகள் போகும். பெட்டி என்றுதான் நாங்கள் சொல்வோம். லாரி ஓட்டுவது என் கொழுந்தனார். யார்டில் பெட்டி கழுவுவது என் வீட்டுக்காரர். எங்கே எத்தனை வைப்பது என்று கணக்குப் போடுவது நான். பதினோரு வருஷமாகப் போடுகிறேன். கல்யாணம் நடத்துகிறவர்களுக்குத் தங்கள் விருந்தாளிகள் சாப்பிடுவார்கள் என்று தெரியும், குடிப்பார்கள் என்று தெரியும். அதற்கப்புறம் என்ன நடக்கும் என்பது மட்டும் இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது.

இந்த அம்மையார் எங்களை வரச் சொன்ன இடம் ஒரு பெரிய புல்வெளி. ஒரு கோடியில் மேடை வரப்போகிறது, மறு கோடியில் நுழைவு வளைவு. அவருக்குப் பக்கத்தில் கல்யாண ஏற்பாட்டாளர் ஒருவர், பரீட்சை எழுதப் போகிற பிள்ளை மாதிரி ஒரு அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். அட்டையில் காகிதம், காகிதத்தில் கட்டம், கட்டத்துக்குள் நிமிஷம். கொழுந்தனார் அவரைப் பார்த்த மாத்திரத்தில் 'பரீட்சை அட்டை' என்று பெயர் வைத்துவிட்டார். எனக்கும் அதுவே வாயில் ஒட்டிக்கொண்டது. பெண் கொஞ்சம் தள்ளி நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை பேர் வருவாங்க மேடம்?" என்று கேட்டேன்.

"நானூறு. எல்லாரும் நல்ல குடும்பம்."

நல்ல குடும்பத்துக்காரர்கள் போகமாட்டார்கள் என்று அர்த்தம். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "நாலு மணி நேரம் இருப்பாங்க. பொம்பளைங்களுக்கு நேரம் கூட ஆகும். எட்டு வேணும். அப்புறம் சமையல்காரங்க, பூ கட்டறவங்க, வாத்தியக்காரங்க, டிரைவருங்க. அவங்களுக்கு மூணு."

"அவங்களுக்கு எதுக்கு? அவங்க வேலைக்குத்தானே வர்றாங்க?"

வேலைக்கு வருகிறவனுக்குக் கடவுள் மூத்திரப்பை வைக்க மறந்துவிட்டார் போலிருக்கிறது. அந்த மூன்றுக்காக நான் கால் மணி நேரம் வாதாடினேன். கடைசியில், டிரைவர்கள் செடி மறைவில் ஒதுங்கினால் அது வீடியோவில் விழும் என்று சொன்னேன். உடனே ஒத்துக்கொண்டார். மனுஷனுக்கு இரங்காத அம்மையார் வீடியோவுக்கு இரங்கினார்.

எங்களிடம் ஒரு சொகுசு வண்டி உண்டு. உள்ளே நாலு அறை, பளிங்கு மாதிரி தரை, கண்ணாடியைச் சுற்றி விளக்கு, தங்க நிறக் குழாய், கதவைச் சாத்தினால் பாட்டு. ஏறுவதற்கு மூன்று படி. அறைக் கதவு இரண்டடிகூட இல்லை. நாங்களே உடம்பைக் குறுக்கிக்கொண்டுதான் கழுவுவோம். அதன் படம் வந்ததும் அம்மையாரின் கைக்குட்டை கீழே இறங்கியது.

"இது அழகா இருக்கே. இதையே ரெண்டு கொண்டாங்க. ஆனா கண்ணுல படக்கூடாது. அந்தப் புதருக்குப் பின்னாடி வையுங்க."

புதர் இருநூறு அடி தள்ளி இருந்தது. கண்ணில் படாமல் இருக்கத்தான் தங்கக் குழாய் கேட்கிறார். சரி, குழாய் தன் பாட்டுக்கு மின்னட்டும் என்று எழுதிக்கொண்டேன்.

அடுத்த பக்கத்தில் பெரிய பெட்டி இருந்தது. சக்கர நாற்காலி உள்ளே போய்த் திரும்புகிற மாதிரி ஆறடிக்கு ஆறடி. மூன்றடிக் கதவு, படி கிடையாது, கதவில் நாற்காலி படம். எந்தக் கூட்டம் என்றாலும் ஒன்று எழுதிவிடுவேன்.

அம்மையார் ஆல்பத்தைப் படீரென்று மூடினார். "இது எதுக்கு? எங்க வீட்ல யாருக்கும் அப்படியெல்லாம் இல்ல."

"மாப்பிள்ளை வீட்ல யாராவது இருக்கலாம் மேடம். வயசானவங்க வருவாங்க. மூணு படி ஏற முடியாதவங்க..."

"ஏம்மா, நல்ல காரியம் நடக்கற இடத்துல இந்தப் படத்தையா வைப்பாங்க? ஆஸ்பத்திரி வாசல் மாதிரி?"

"படத்து மேல தாள் ஒட்டிடறேன்."

"தாள் ஒட்டினா மட்டும்? அது அதுதானே. எம் பொண்ணு வாழ்க்கை ஆரம்பிக்கற அன்னைக்கு அது இங்க நிக்கக்கூடாது."

பரீட்சை அட்டை சிவப்புப் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார். அடித்ததோடு விடாமல், படிக்க முடியாதபடி இன்னும் நாலு முறை கிறுக்கினார். ஒரு பிளாஸ்டிக் கதவுக்கு நடுங்குகிறவர்களோடு எனக்கென்ன பேச்சு? ஆல்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நாலு நாள் கழித்துப் பெண் தனியாக எங்கள் யார்டுக்கு வந்தாள். நான் டேங்குக்கு நாற்றம் அடக்கும் நீல மருந்து அளந்துகொண்டிருந்தேன். வீட்டுக்காரர் குழாய் பிடித்து ஒரு பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். ஜீன்ஸ் போட்டிருந்தாள், தோளில் பெரிய பை. பையைத் திறந்து, ஒன்றுக்குள் ஒன்றாக மடிந்த கம்பி வளையங்களை எடுத்து உதறினாள். கல்யாணத்தன்று போடுகிற பாவாடை குடைபோல விரிந்து நிற்க, உள்ளே வைத்துத் தைக்கிற வளையமாம். தையற்காரரிடம் ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கி வந்திருக்கிறாள். அதை ஜீன்ஸ் மேலேயே இடுப்பில் மாட்டிக்கொண்டாள். கீழ் வளையம் நாலரை அடி அகலம்.

"அக்கா, இதோட எந்தப் பெட்டிக்குள்ள போக முடியும்னு பாக்கணும்," என்றாள்.

நான் சிரித்திருப்பேன். அவள் முகம் சிரிக்கிற மாதிரி இல்லை. முதலில் சாதாரணப் பெட்டி. கதவில் நுழைந்ததும் வளையம் முன்பக்கம் எழும்பி அவள் மூக்கை இடித்தது. பக்கவாட்டில் நுழைந்து பார்த்தாள். பாதி உடம்பு உள்ளே, பாதி வளையம் வெளியே. வீட்டுக்காரர் குழாயை மூடிவிட்டு, மரியாதைக்காகச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். அடுத்து சொகுசு வண்டி. இரண்டாம் படியிலேயே வளையம் கைப்பிடியில் மாட்டிக்கொண்டது.

"அன்னைக்கு இத மட்டும் கழட்டிட்டுப் போக முடியாதா?" என்று கேட்டேன்.

"உடுப்போட சேத்துத் தச்சிருவாங்க. பின்னாடி நாப்பது கொக்கி. தைக்கறவங்க ரெண்டு பேர் வந்தாத்தான் கழட்ட முடியும்."

"அம்மா என்ன சொல்றாங்க?"

"முந்தின நாள் சாயங்காலத்தோட தண்ணி குடிக்கறத நிறுத்திடுன்னு சொல்றாங்க. எல்லாரும் அப்படித்தான் இருந்தாங்களாம். அவங்களும் அப்படித்தான் இருந்தாங்களாம்." வளையத்தை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். "போன வருஷம் எனக்குக் கிட்னில கல்லு வந்துச்சுக்கா. நாலு நாள் தரையில உருண்டேன். ஒரு நாளைக்கு மூணு லிட்டர் குடிக்காம இருக்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிருக்காரு. அம்மாவுக்குத் தெரியும். ஒரு நாள்தானேங்கறாங்க."

எனக்குச் சுருக்கென்றது. நூறு பேருக்கு இரண்டு, சமையல்காரருக்கு ஒன்று, டிரைவருக்கு ஒன்று என்று பதினோரு வருஷம் கணக்குப் போட்டவள் நான். அந்தக் கணக்கில் ஒரு தடவைகூட மணப்பெண் இருந்ததில்லை. என் கல்யாணத்தன்றும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்ட ஒட்டத்தான் உட்கார்ந்திருந்தேன். அது எப்படி மறந்துபோனது என்றே தெரியவில்லை. அம்மையாரைத் திட்டிய வாயால் என்னையும் இரண்டு திட்டிக்கொண்டேன்.

மூலையில் பெரிய பெட்டி நின்றது. மூன்றடிக் கதவைத் திறந்துவிட்டேன். வளையத்தை இருபுறமும் லேசாக அமுக்கினால் போதும், உள்ளே போய்விட்டது. உள்ளே நின்று அவள் ஒரு சுற்றுச் சுற்றினாள். வளையம் சுவரில் இடிக்காமல் சுற்றியது.

"இதத்தான் உங்கம்மா வேண்டாம்னுட்டாங்க," என்றேன்.

"தெரியும். அதான் உங்ககிட்ட வந்தேன்."

"நீ அன்னைக்குக் காலையிலேர்ந்து தண்ணி குடி. மூணு லிட்டரும் குடி. மேடைக்குப் பின்னாடி பூச்சுவர் இருக்கும்ல? அதுக்குப் பின்னாடி லாரில இந்தப் பெட்டி நிக்கும். பத்து அடி நடந்தா போதும். மீதி என் வேலை."

"கண்டிப்பாவா?"

"கண்டிப்பா."

பரீட்சை அட்டைக்குப் போன் செய்து பெரிய பெட்டியைத் திரும்பச் சேர்க்கச் சொன்னேன். "மேடம் அடிச்சது அடிச்சதுதான்," என்றார். சரி சார் என்று போனை வைத்துவிட்டு, கொழுந்தனாரிடம் பெட்டியை லாரியில் ஏற்றச் சொன்னேன்.

கல்யாணத்தன்று காலையில் போய் தரை சாய்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்து, சொகுசு வண்டிகளைப் புதருக்குப் பின்னால் நிறுத்தினோம். கழிப்பறை என்று எழுதி வைக்க அனுமதி இல்லை. பரீட்சை அட்டை தானே ஒரு பலகை செய்து வந்திருந்தார். 'இளைப்பாறும் இடம்' என்று அதில் வளைந்து நெளிந்து எழுதியிருந்தது. மூன்று மணிக்கு முன்பே ஒரு பெரியவர் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அங்கே இளைப்பாறப் போய்விட்டார். உண்மையிலேயே அவசரம் உள்ளவர்கள் பூக்காரரிடமும் வாத்தியக்காரரிடமும் ரகசியமாக வழி கேட்டுக்கொண்டு திரிந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியம்மா நாலு கால் நடைக்கம்பி ஊன்றி இருநூறு அடியும் நடந்து வந்தார். மூன்று படியைப் பார்த்தார்.

"ஏறணுமாம்மா? கை பிடிக்கட்டுமா?" என்றேன்.

"இல்ல இல்ல. சும்மா பாக்கத்தான் வந்தேன்," என்று திரும்பி நடந்தார். இந்தக் காலத்தில் சும்மா பார்க்க எவ்வளவோ இருக்க, முட்டி வலியோடு அதைப் பார்க்கவா வந்திருப்பார்?

பெரிய பெட்டியோடு லாரி பூச்சுவருக்குப் பின்னால் நின்றது. முந்தின வாரம் பெய்த மழையில் புல் சேறாகக் கிடந்தது. கெட்டித் தரை இரண்டே இடத்தில்தான், ஒன்று அது, இன்னொன்று நுழைவு வளைவுக்குப் பக்கம். மேடையில் பெண் வந்து உட்காரும்போது பக்கவாட்டு இடைவெளி வழியாக என்னைப் பார்த்தாள். இரண்டு விரலைக் காட்டினாள். இரண்டு லிட்டர் ஆகிவிட்டது என்று அர்த்தம். நான் தலையை ஆட்டினேன்.

மூன்றரை மணிக்குத் தலைக்கு மேலே ரீங்காரம் கேட்டது. மேலே பறந்து படம் எடுக்கிற கேமரா. தரையில் இருக்கிற பதினோரு கேமராவுக்கும் மறைத்து வைத்தவளுக்கு வானத்தில் ஒன்று வரும் என்று தோன்றவில்லை. இரண்டாவது நிமிஷம் பரீட்சை அட்டை ஓடி வந்தார்.

"என்னம்மா இது? மேலேர்ந்து பாத்தா பூ, பூ, பூ, நடுவுல சாம்பல் கலர்ல ஒரு டப்பா. மேடம் திரையில பாத்துட்டுக் கத்தறாங்க. எடுங்க வண்டிய."

"சார், இது பொண்ணுக்காக நிக்குது."

"பொண்ணுக்கு என்ன?"

"பொண்ணுக்குப் போகணும்னா எங்க சார் போகும்?"

அவர் உண்மையிலேயே குழம்பிப்போய் அட்டையைப் பார்த்தார். மூன்று பத்து, மூன்று இருபத்தைந்து, மூன்று நாற்பது என்று ஆறேகால் வரை விரலால் இறங்கினார். "மேடைய விட்டு எறங்கறதே இதுல இல்லையே," என்றார்.

மாலை மாற்றப் பதினைந்து நிமிஷம், மாமன்கள் நின்று போட்டோ எடுக்க இருபது நிமிஷம், பறக்கும் கேமராவுக்குக் கையசைக்க ஐந்து நிமிஷம். எல்லாவற்றுக்கும் கட்டம் போட்ட அந்த மேதை, ஒரு மனுஷி ஒன்றுக்குப் போவதற்கு ஒரு கட்டம் போடவில்லை. போடவில்லை என்பதால் அது நடக்காது என்றும் நம்பினார். நான் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் காவல்காரர்கள் நாலு பேரைக் கூப்பிட்டுவிட்டார். கொழுந்தனார் என்னைப் பார்த்தார். வேறு வழியில்லாமல், எடுங்க என்று தலையை ஆட்டினேன். லாரி புல்வெளியைச் சுற்றிக்கொண்டு மறு கோடிக்குப் போய் வளைவுக்குப் பக்கத்தில் நின்றது. நின்ற மறுநிமிஷமே வண்டிக்கு முன்னால் நாலு கார் வந்து அடைத்துக்கொண்டது. இனி அது இந்தப் பக்கமும் நகராது, அந்தப் பக்கமும் நகராது.

இப்போது மேடைக்கும் பெட்டிக்கும் நடுவில் நூற்றைம்பது அடி கம்பளம். கம்பளத்தின் இரு பக்கமும் நானூறு நல்ல குடும்பம். நான் லாரியில் சாய்ந்து நின்று மேடையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நாலே முக்காலுக்கு அவள் எழுந்தாள். மாமன்கள் மாறுகிற இடைவெளியில் பூச்சுவருக்குப் பின்னால் போனாள். ஒரு நிமிஷத்தில் திரும்பி வந்தாள். அங்கே சக்கரத் தடம்தானே இருந்திருக்கும். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள், முதுகை விறைப்பாக வைத்துக்கொண்டு. அதற்கப்புறம் யார் வந்து நின்றாலும் அவள் சிரிக்கவில்லை. அந்த உட்காருகிற விதம் எனக்குத் தெரியும். பதினோரு வருஷமாக வரிசையில் நிற்கிறவர்களின் முகத்தைப் பார்த்துப் பிழைக்கிறவள் நான். குடி, மீதி என் வேலை என்று சொன்ன வாய் எனக்கே கசந்தது. என் பேச்சைக் கேட்டுத்தானே குடித்தாள்.

"அண்ணி, எங்க போறீங்க?" என்றார் கொழுந்தனார்.

"கூட்டிட்டு வர."

"இந்த டிரஸ்லயா?"

முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், நீல உடுப்பு, முதுகில் எங்கள் கம்பெனிப் பெயர், பாக்கெட்டில் கையுறை. அப்படியே கம்பளத்தில் ஏறி நடந்தேன். பாதி வழியில் பரீட்சை அட்டை குறுக்கே வந்து கையை அகல விரித்தார்.

"உங்க ஆளுங்க விருந்தாளிங்க கண்ணுல படக்கூடாதுன்னு எழுதியே குடுத்திருக்கேன்."

"நகருங்க சார். இல்லைன்னா மேடைய நீங்கதான் தொடைக்கணும்."

அவர் அட்டையைப் பார்த்தார். அதற்கும் கட்டம் இல்லை. நகர்ந்துவிட்டார்.

மேடைக்குக் கீழே போய் நின்று, "வாம்மா, போகலாம்," என்றேன். அவள் கேள்வி கேட்கவில்லை, எழுந்துவிட்டாள். மாப்பிள்ளை, அதுவரை நான் சரியாகக் கவனித்தே இராத அந்தப் பையன், சட்டென்று குனிந்து அவள் பாவாடையின் பின்பக்கத்தைத் தூக்கி என் கையில் கொடுத்தான். "போயிட்டு வா," என்று மட்டும் சொன்னான்.

முன்வரிசையிலிருந்து அம்மையார் எழுந்து வந்தார். சிரித்த முகத்தை மாற்றாமலே பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார். "எங்கடி போற? உக்காரு."

"முடியலம்மா."

"இன்னும் ஒன்றரை மணி நேரம். நான் இருக்கல? காலையிலேர்ந்து நானும்தான் இருக்கேன்."

"எனக்கு ஒன்னுக்கு வருதும்மா," என்றாள் பெண். கத்தவில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்கிற குரலில் சொன்னாள்.

முன்வரிசை கேட்டது. முன்வரிசை இரண்டாம் வரிசைக்குச் சொன்னது. நாங்கள் பத்து அடி நடப்பதற்குள் செய்தி கடைசி வரிசைக்குப் போய், அங்கிருந்து திரும்பியும் வந்துவிட்டது. சில பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒரு மாமா அவசரமாகச் செடியை ரசித்தார். நான் பாவாடையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பின்னால் நடந்தேன். தலைக்கு மேலே கேமரா எங்கள் கூடவே வந்தது. அதை இயக்குகிறவனுக்குப் பகல் முழுக்க இப்படி ஒரு காட்சி கிடைத்திருக்காது.

லாரியின் பின்பக்கம் சரக்கு ஏற்றுகிற இரும்புப் பலகை உண்டு. பொத்தானை அழுத்தினால் மேலே தூக்கும். கொழுந்தனார் அதை இறக்கி வைத்திருந்தார், மேலே ஒரு சுத்தமான துணியும் விரித்திருந்தார். அவருக்கு அந்த அளவு அறிவு இருக்கும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. நானும் பெண்ணும் ஏறி நின்றோம். பலகை முனகிக்கொண்டே, அதற்குத் தெரிந்த ஒரே வேகத்தில் மெல்ல மெல்ல மேலே போனது. ஒளித்து வைக்க அத்தனை பாடுபட்ட பெட்டி மேடையைவிட உயரத்தில் நின்றது. கதவில் சக்கர நாற்காலி படம் பளிச்சென்று இருந்தது. தாள் ஒட்டி மறைக்க என்னிடம் நேரம் இருந்தது, மனசுதான் இல்லை.

வளையத்தை இருபுறமும் அமுக்கினேன். உள்ளே போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து நின்றேன். நானூறு பேரும் என்னையே பார்த்தார்கள். நானும் வரிசை வரிசையாக, விடாமல் பார்த்தேன். பட்டு, கோட்டு, நகை, மணம். அத்தனை பேரும் அன்று காலையில் போய்விட்டு வந்தவர்கள்தான். சாயங்காலம் மறுபடி போகப்போகிறவர்கள்தான். பார்க்கப் பார்க்க ஒவ்வொருவராகக் கண்ணைத் தாழ்த்தினார்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

அவள் அவசரப்படவில்லை. உள்ளே குழாயில் கை கழுவுகிற சத்தம் கேட்டது. கதவைத் திறந்துகொண்டு வந்தபோது அவள் முகம் மேடையில் பார்த்த முகமாக இல்லை, யார்டில் ஒரு சுற்றுச் சுற்றினாளே, அந்த முகம்.

"தண்ணி இருக்காக்கா? இன்னும் ஒரு லிட்டர் பாக்கி."

லாரியில் எப்போதும் பாட்டில் இருக்கும். கொழுந்தனார் கீழிருந்து ஒன்றை எறிந்தார். பிடித்துக் கொடுத்தேன். மூடியைத் திருகி, அண்ணாந்து, அங்கேயே நின்று குடிக்க ஆரம்பித்தாள். தொண்டை ஏறி இறங்கியது எல்லாருக்கும் தெரிந்திருக்கும்.

அதற்குள் அம்மையார் கம்பளம் முழுக்க நடந்து லாரிக்குக் கீழே வந்துவிட்டார். அவருக்குப் பின்னால் மாப்பிள்ளையின் பெரியம்மா நடைக்கம்பியோடு வந்து, வரிசைக்கு நிற்பதுபோல நின்றுகொண்டார். நான் அம்மையாருக்குச் சொல்ல நாலு வார்த்தை தயாராக வைத்திருந்தேன். நாலும் நல்ல வார்த்தைகள், பதினைந்து நாளாகத் தீட்டி வைத்தவை.

"போதும்டி. மேல சிந்தும்," என்றார் அவர். குரல் வறண்டு உடைந்து வந்தது.

அப்போதுதான் கிட்டத்தில் பார்த்தேன். உதட்டுச் சாயத்துக்கு அடியில் உதடு வெடித்திருந்தது. காலையிலிருந்து நானும்தான் இருக்கேன் என்று சொன்னாரே, அது சும்மா சொன்னதில்லை. அவர் கண் நாற்காலிப் படத்தின் மேல் இல்லை. மகள் கையில் இருந்த பாட்டிலின் மேல் இருந்தது. அதில் தண்ணீர் குறைவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கோபம் போகவில்லை. இத்தனை நாள் சேர்த்த கோபம், அவ்வளவு சீக்கிரம் போகாது. தயாராக வைத்திருந்த நாலு வார்த்தை மட்டும் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. இன்னொரு பாட்டிலை எடுத்துக் கீழே நீட்டினேன். இரண்டு விரலால் ஆல்பம் புரட்டிய அந்தம்மா, என் கையிலிருந்து அதை முழுக் கையாலும் வாங்கிக்கொண்டார். மூடியைத் திறக்கவில்லை, மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டு நின்றார்.

"நீயும் குடிம்மா. இங்கதான் பெட்டி இருக்கே," என்றாள் பெண், மேலிருந்து.

பரீட்சை அட்டை மணிக்கட்டைக் காட்டிக் காட்டி ஓடி வந்துகொண்டிருந்தார். கொழுந்தனார் பொத்தானில் விரலை வைத்தார்.

"எறக்கட்டுமா அண்ணி?"

"இருங்க தம்பி," என்றேன். "ரெண்டு பேரும் குடிச்சு முடிக்கட்டும்."